தலைமாடு எந்தப் பக்கம்?

மாமி,

இன்று பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு உங்கள் வீட்டில் மறுபடியும் கட்டில் இழுபட்டது. முதிரை மரக் கால் சீமெந்துத் தரையில் உராயும் சத்தம் உங்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. பல்லைக் கூசவைக்கும். கூடத்தில், ஜன்னலோரத்துச் சிவப்புச் சீமெந்தில், உங்கள் கட்டில் கால்கள் பதிந்த வட்டத் தடங்கள் இன்னும் இருக்கின்றன. அந்தக் கட்டில் கடைசியாகத் திரும்பியபோது கீறிய வளைந்த கோடும் இருக்கிறது. உங்கள் பாக்கியம் தேங்காய்ப் பொச்சு போட்டுத் தேய்த்துப் பார்த்தாள், போகவில்லை. இனித் தேய்க்கவேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அதே இடத்தில் இன்று புதிதாக ஒருவருக்குக் கட்டில் போட்டோம். போடுவதற்கு முன் அவரிடம் ஒரு கேள்வி கேட்டேன். அது நீங்கள் எனக்குத் தந்துவிட்டுப் போன கேள்வி. கேட்டு முடித்ததும் உங்கள் ஞாபகம் வந்தது. மஃரிப் தொழுதுவிட்டு உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அரிசி, மண்ணெண்ணெய்க் கணக்கு எழுதும் கொப்பியின் பின்பக்கத்தில்தான். சீனி சுற்றிவந்த பத்திரிகைத் துண்டுகளில் எழுத்துக் கூட்டிப் படித்தவள் நான். நான் எழுதிக்கொண்டிருப்பதைக் கண்டால் "என்னகா கணக்கப்புள்ள, எழுதி வெச்சா அரிசி கூடுமா?" என்று கேட்பீர்கள். கூடாது மாமி. ஆனால் எப்போது தீரும் என்று தெரியும்.

நமது ஊரில் வீடு பெண்பிள்ளைக்கு உரியது. கலியாணம் முடித்த ஆண் தன் உடுப்புப் பெட்டியோடு பெண்சாதியின் வீட்டுக்குப் போவான். நான் இருக்கும் வீடும் என் வாப்பா எனக்காகக் கட்டியதுதான். உங்கள் மூன்றாவது மகன் அதில் வந்து புகுந்தவர்தான். அந்த வழக்கத்தில் எனக்கு ஒரு மனக்குறையும் இருந்ததில்லை. வயதான காலத்தில் தாய் தகப்பன் மகளோடு, அந்த வளவுக்குள்ளேயே இருந்துகொள்வார்கள். ஆனால் பெண்ணே பெறாத தாய் எங்கே இருப்பாள் என்று யாரும் யோசித்து வைக்கவில்லை. நீங்கள் நாலு ஆண்பிள்ளை பெற்றவர். பெருமையாகத்தான் சொல்வீர்கள்: "நாலு ஊட்டுக்கு விளக்குக் குடுத்திரிக்கன். என்ட ஊட்டுலதான் இருட்டு." சொல்லிவிட்டு நீங்களே சிரிப்பீர்கள். அந்தச் சிரிப்பின் அடியில் என்ன கிடந்தது என்று எனக்குப் பிறகுதான் விளங்கியது.

சூறாவளி பிடுங்கிய ஓடுகளை மாற்றிப் போட்ட பிறகு, அந்த வீட்டில் சில வருடம் தனியாக ராணி மாதிரி இருந்தீர்கள். ஒருநாள் சுபஹுத் தொழுகைக்குக் கை கால் கழுவி வுழூ எடுக்கக் கிணற்றடிக்குப் போன இடத்தில் விழுந்தீர்கள். பாரிசவாதம் என்றார்கள். ஆஸ்பத்திரியால் வந்தபோது இடது கையும் இடது காலும் உங்கள் சொல் கேட்பதை விட்டுவிட்டன. நாக்கு மட்டும் பழையபடியே இருந்தது, அல்ஹம்துலில்லாஹ்.

மகன்மார் நாலு பேரும் உங்கள் கூடத்தில் கூடினார்கள். நான் தேத்தண்ணிக் கோப்பைகளோடு வாசல் நிலையில் நின்றேன். கொழும்புக் கந்தோரில் வேலை பார்த்த பெரிய மச்சான்தான் பேச்சைத் தொடங்கினார்.

"உம்மா, கொழும்புப் பக்கம் வயசானவங்களப் பாக்கிற இல்லம் ஒண்டு இரிக்கி. நான் நேர போய்ப் பாத்தன். இரவு பகலா மருந்து குடுக்க மிசிமார் நிக்காங்க. நம்மட சாப்பாடு. தொழுறதுக்கும் தனி அறை. சுவர் முழுக்கப் பிடிச்சி நடக்கிறதுக்கு மரச்சட்டம் அடிச்சி வெச்சிரிக்காங்க."

"பாங்கு கேக்குமா மகன்?"

"பள்ளிவாசல் தூரம் உம்மா. றேடியோவுல கேக்கலாம்."

"றேடியோவுல மீன் விலையும்தான் சொல்றான். மீன் வாங்க ஏலுமா?"

சின்ன மச்சான் சிரித்துவிட்டார். பெரிய மச்சான் சிரிக்கவில்லை. அந்த இல்லத்தைப் பற்றி அவர் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை மாமி. நல்ல மனுசர்கள் நடத்திய நல்ல இடமாகத்தான் இருந்திருக்கும். யாருமே இல்லாதவருக்கு அது பெரிய றஹ்மத். சுவரில் அடித்த மரச்சட்டத்தை நான் மனதில் குறித்துவைத்தேன். ஆனால் உங்களுக்கு யாருமே இல்லையா? ஊர் முழுக்க ஆள் இருந்தது. இருக்க ஓர் இடம்தான் இல்லை என்றார்கள், அதுவும் சொந்த வீட்டுக்குள் உங்களைப் படுக்கவைத்துக்கொண்டே.

கடைசியில், மகன்மார் வீடுகளில் முறை வைத்துப் பார்ப்பது என்று முடிவாயிற்று. முதல் முறை எங்களுக்கு.

உங்கள் மகன் இரண்டு நாளாக அறையைச் சரிப்படுத்தினார். வெள்ளை அடித்தார், புதுப் பாய் வாங்கினார். "உம்மாவுக்கு நிக்க ஏலா. படுத்தபடியே கிப்லாவப் பாத்துத் தொழட்டும்" என்று கட்டிலைத் திருப்பிப் போட்டார். தலைமாடு வடக்கே, வலப்பக்கம் ஒருக்களித்தால் முகம் மேற்கே, மக்கா பக்கம். எனக்கும் அது மெத்தச் சரியாகப் பட்டது. தாயின் தொழுகையை நினைத்துக் கட்டில் போடும் மகன் எத்தனை பேருக்கு வாய்க்கும் என்று சந்தோசப்பட்டேன்.

உங்களைக் காரில் கொண்டுவந்து இறக்கியதைத் தெரு பார்த்தது. ஆஸ்பத்திரி மருந்தில் நீங்கள் அசந்து கிடந்தீர்கள். நமது தெருவில் ஒரு தாயை மருமகள் வீட்டுக்குள் தூக்கிக்கொண்டு போனால் கடைசி நேரம் என்ற ஒரே அர்த்தம்தான் எடுப்பார்கள். பார்க்க வந்த முதல் ஆள் அறைக்குள் எட்டிப் பார்த்து, வடக்கே தலைவைத்துப் போட்ட கட்டிலைக் கண்டிருக்கிறார். இறந்தவரின் மையத்தைக் கிடத்துவது அப்படித்தானே! வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார். நான் குசினியில் கஞ்சி காய்ச்சிக்கொண்டு நின்றேன். கஞ்சியோடு வந்து பார்த்தால் அறை நிறையப் பெண்கள். தலையில் வெள்ளைத் துணி, மடியில் கிதாபு. உங்கள் வயதொத்த ஹவ்வா சாச்சி நடுவில் உட்கார்ந்து, சாகக்கிடப்பவருக்கு ஓதும் யாசீனை ஓதிக்கொண்டிருந்தார். ஒருவர் உங்கள் வாயில் கரண்டியால் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

அந்தத் தண்ணீர்தான் உங்களை எழுப்பியது. இருமினீர்கள். கண்ணைத் திறந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தீர்கள்.

"ஆருக்குகா யாசீன் ஓதுறீங்க?"

ஓதல் நின்றது. ஹவ்வா சாச்சி மெல்ல, "ஒரு பறக்கத்துக்குத்தான்..." என்றார்.

"தலைமாடு எந்தப் பக்கம் இரிக்கி?"

"வடக்க."

"வடக்கயா! என்ட மகன் என்னை மையத்துக் கட்டில்ல போட்டிரிக்கானா? எங்க அவன்?"

உங்கள் மகன் திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் நின்றார். "தொழுகைக்கு வசதியா இரிக்கும் எண்டுதான் உம்மா..."

"தொழுறது நானா நீயா? என்னட்ட ஒரு வார்த்த கேட்டிரிக்கலாமே மனே. காலும் கையும்தானே விழுந்த, வாயுமா விழுந்த?"

முதலில் சிரித்தவர் ஹவ்வா சாச்சிதான். பிறகு அறை முழுக்கச் சிரித்தது. திரைக்கு அந்தப் பக்கமும் ஒரு சிரிப்புக் கேட்டது. அழுகையும் கலந்திருந்த சிரிப்பு.

"ஓதினத வீணாக்கப்படாது ஹவ்வா. மிச்சத்தப் பத்திரமா வெச்சிரு. எனக்குத் தேவப்படக்குள்ள சொல்றன். மகள், இவங்களுக்குத் தேத்தண்ணி ஊத்துங்க. எனக்கும் ஒண்டு, சீனி கூடப் போட்டு."

தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போதுதான் நீங்கள் சாச்சியிடம் அதைக் கேட்டீர்கள். "ஹவ்வா, நீ எங்ககா படுக்கிற?"

சாச்சியும் ஆண்பிள்ளைகளை மட்டும் பெற்றவர். அடுப்பில் வைத்ததை மறந்துவிட்டுத் தெருவுக்குப் போய்விடுவார் என்று மருமகள் குசினியைப் பூட்டிவைத்தது எல்லோருக்கும் தெரியும். எது மறந்தாலும் யாசீன் மட்டும் அவருக்கு மறக்கவில்லை.

"விறகுக் காம்பறாவுல" என்றார். "நல்ல மருமகள். குறை சொல்லப்படாது. அவவுக்கும் இடமில்ல."

"தலைமாடு எந்தப் பக்கம்?"

சாச்சி யோசித்தார். "நீட்டிப் படுக்க ஏலாதுகா. விறகு இரிக்கி."

நீங்கள் கோப்பையை என்னிடம் நீட்டினீர்கள். சிரிப்பெல்லாம் போய்விட்டது. "மகள், உங்கட புரிசனக் கூப்பிடுங்க. என்னை என்ட ஊட்ட கொண்டு போய் உடட்டும். இவளும் வருவாள்."

உங்கள் மகன் கெஞ்சினார். தனியாக எப்படி என்றார், ஊர் என்ன சொல்லும் என்றார். "ஊருக்கு ஊடு இரிக்கி. எனக்கும் இரிக்கி" என்றீர்கள். என்னைப் பார்த்து, "கணக்கப்புள்ள, நீங்க ஒரு கணக்குப் போடுங்க. ஒரு கிழவியப் பாக்க ஒரு ஆள் வேணும். ரெண்டு கிழவியப் பாக்க எத்தன ஆள் வேணும்?"

"ஒரு ஆள் போதும் மாமி" என்றேன்.

"கேட்டியா மகன்!"

அன்றைக்கு நான் முதல்முறையாகப் புரிசனுக்கு எதிராகப் பேசினேன். அல்லாஹ் பொறுப்பான். அவரும் பொறுத்தார்.

அந்த வீட்டை நாம் எப்படித் தயார் செய்தோம்! கொழும்பு இல்லத்தில் இருப்பதாக மச்சான் சொன்ன மரச்சட்டத்தைக் கமுகுச் சலாகையில் செய்து சுவர் நீளம் அடித்தோம். கால் தடுக்கும் நிலைப்படிகளை மரவேலை ஓடாவி அறுத்து எடுத்தார். கதிரை ஒன்றின் நடுவை வட்டமாக வெட்டி, மலசலத்துக்குக் கீழே வாளி வைத்தோம். படுக்கைப் புண் வராமல் எப்படிப் புரட்டவேண்டும், குதிகாலுக்குக் கீழே எப்படித் துணி மடித்து வைக்கவேண்டும் என்று ஆஸ்பத்திரி மிசி ஒருவர் வந்து காட்டித் தந்தார். உங்கள் கட்டிலை நீங்கள் சொன்ன மாதிரியே போட்டோம், தலைமாடு மேற்கே, கண் நேரே வாசலுக்கும் வேலிக் கடப்படிக்கும் தெருவுக்கும். "போறவன் வாறவன் எல்லாரும் என்ட கண்ணுக்குள்ளாலதான் போகணும்" என்றீர்கள். தொழுகைக்குக் கதிரையில் உட்காரவைத்தோம்.

கூடவே தங்கிப் பார்க்கப் பெரியநீலாவணையிலிருந்து பாக்கியம் வந்தாள். புரிசனைக் கடலுக்குக் கொடுத்தவள். முதல்நாளே உங்களைத் தூக்கி உட்காரவைத்து, "உம்மா, வலைய விடப் பாரம் குறைவுதான்" என்றாள். "வலையில மீன் இரிந்தாத் தெரியும்டி" என்று நீங்கள் சொன்னதிலிருந்து உங்கள் இருவருக்கும் இடையில் நான்கூடத் தேவைப்படவில்லை.

வேளாண்மை வெட்டும்போதெல்லாம் மகன்மார் நெல் அனுப்பினார்கள். மருமக்கள் முறை வைத்துக் கறி கொண்டுவந்தோம். குசினியைப் பூட்டவேண்டியிருக்கவில்லை. ஹவ்வா சாச்சி அடுப்பு மூட்டினால் நீங்கள் படுத்தபடியே, "ஹவ்வா, அடுப்பு!" என்று சத்தம் போடுவீர்கள். அவர் திரும்பி ஓடிவருவார். கொஞ்சநாளில் இருக்க இடமில்லாத இன்னும் இரண்டு கிழவிகள் வந்து சேர்ந்தார்கள்.

ஊர் சும்மா இருக்குமா? "நாலு ஆம்புளப் புள்ள பெத்தவ மடம் நடத்துறா" என்று சந்தையில் கதைத்தார்கள். கதை கொழும்புக்கும் போனது. பெரிய மச்சான் லீவு போட்டுக்கொண்டு வந்தார். முகத்தில் கடும் கோபம். அன்று எல்லாம் முடிந்துவிடும் என்று நான் பயந்தேன். அவர் பிடிவாதமாக நின்றால் மற்ற மகன்மாரும் அவர் பின்னால்தான் நிற்பார்கள். மற்றக் கிழவிகள் மூவரும் விறகுக்கும் சாக்குக்கும் நடுவே திரும்பிப் போகவேண்டியதுதான்.

"உம்மா, ஊருல தலை காட்ட ஏலாம இரிக்கி."

"உன்ட தலைய நீ கொழும்புலதானே வெச்சிரிக்காய். இஞ்ச எப்ப காட்டின?"

"பகிடி உடாதீங்க. நான் உங்களக் கூட்டிப் போக வந்திரிக்கன்."

"விருந்துக்கு வந்தாய் எண்டா ஒரு கிழம இரி மகன். கூட்டிப் போக வந்தாய் எண்டா, தேத்தண்ணி குடிச்சிப்போட்டுப் போ."

அவர் தேத்தண்ணியைக் குடித்தார். ஆனால் போகவில்லை. சுபஹுக்கு நீங்கள் எல்லோரும் எழும்புவதைப் பார்த்தார். பாக்கியம் உங்களைத் தாங்க, நீங்கள் நல்ல கையால் கமுகுச் சலாகையைப் பிடித்து, அடி எடுத்துவைத்துக் கதிரை வரை நடந்ததைப் பார்த்தார். ஆஸ்பத்திரியில் நடக்கவே மாட்டீர்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். தாய் நடந்த சலாகையைத் தானும் ஒருமுறை பிடித்துப் பார்த்தார், ஆடுகிறதா என்று. ஓரிடத்தில் ஆடியது. அன்றைக்கே ஆணி வாங்கிவந்து அடித்தார். போகும்போது, "கணக்கு ஆரு பாக்கிற?" என்று கேட்டார். நான் என்று சொன்னதும் தலையை ஆட்டினார். அடுத்த மாதம் கொழும்பிலிருந்து லொறியில் சில்லுவைத்த கதிரை ஒன்று வந்து இறங்கியது.

அந்தக் கதிரையில் நீங்கள் முதலில் எங்கே போகப் பிரியப்பட்டீர்கள்? கடற்கரைக்கு. பாக்கியம் பின்னால் தள்ள, ஹவ்வா சாச்சி குடை பிடிக்க, நான் கூடையோடு. தெரு முழுக்க வாசலுக்கு வந்து பார்த்தது. மணல் தொடங்கும் இடத்தில் சில்லு புதைந்ததும் கரைவலை இழுத்தவர்களே ஓடிவந்து கதிரையோடு உங்களைத் தூக்கினார்கள். நீங்கள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கீரிமீன் குவியலுக்கு முன்னால் இறங்கினீர்கள்.

"செவுளத் தூக்கிக் காட்டு மகன்."

"இப்பதான் கரைக்கு வந்தது உம்மா!"

"நானும் இப்பதான் கரைக்கு வந்தன். காட்டு."

விலை பேசி, குறைத்து, கொசுறும் வாங்கினீர்கள். திரும்பிவரும்போது மடியில் மீன் கூடை. "கணக்கப்புள்ள, பெரியவனுக்கு ஒரு கடிதம் எழுதுங்க. உம்மா மீன் வாங்கிட்டா எண்டு மட்டும் எழுதுங்க, அவனுக்கு விளங்கும்." எழுதினேன். அவர் அதைச் சட்டைப்பையில் நெடுநாள் வைத்திருந்தார் என்று மதினி பிறகு சொன்னார்.

பிறகு அந்தக் கெட்ட காலம் வந்தது. தமிழரும் முஸ்லிம்களும் ஒருவர் தெருவில் ஒருவர் நடக்கப் பயந்த நாட்கள். தமிழச்சியான பாக்கியத்தை அனுப்பிவிடச் சொல்லி ஆட்கள் கடப்படியில் வந்து நின்றார்கள். நீங்கள் கட்டிலில் இருந்தபடியே சொன்னது தெருவுக்குக் கேட்டது: "இவள் என்ட கால். காலக் கழட்டிக் குடுத்துப்போட்டு நான் எப்புடி நடக்கிற? ஆரும் கேக்கிறதெண்டா உள்ளுக்கு வந்து என்ட முகத்தப் பாத்துக் கேளுங்க." யாரும் உள்ளே வரவில்லை. பாக்கியம் அன்று முழுக்க உங்கள் தலையை வாரி, திரும்பத் திரும்பப் பின்னிக்கொண்டே இருந்தாள்.

அதற்குப் பிறகு வந்த ஓர் அறுவடை மாதத்தில் உங்களுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. அஸர் நேரம். தெருவில் வெயில் சரிந்துகொண்டிருந்தது. நீங்கள் தெருவை நெடுநேரம் பார்த்தீர்கள். பிறகு என் கையைப் பிடித்தீர்கள்.

"மகள், இப்ப திருப்புங்க."

எனக்கு விளங்கவில்லை. "என்னத்த மாமி?"

"கட்டில. தலைமாடு வடக்க."

உங்கள் மகன் கட்டிலருகே குனிந்தார். "நானே சொல்றன் மனே" என்றீர்கள். "இந்த முற நீ பிழையாப் போடல்ல." அவரும் நானும் பாக்கியமும் சின்ன மச்சானும் ஆளுக்கொரு மூலையைப் பிடித்தோம். அந்தச் சத்தத்தோடு கட்டில் திரும்பியது. நீங்கள் மேற்கே பார்த்து ஒருக்களித்துக்கொண்டு, "ஹவ்வா, மிச்சம் வெச்சிரிக்கியா?" என்று கேட்டீர்கள்.

அந்த நாட்களில் சாச்சிக்குத் தன் பிள்ளைகளின் பெயரும் மறந்துபோயிருந்தது. ஆனால் இதை மறக்கவில்லை. "ஓம்கா, வெச்சிரிக்கன்" என்றார். கிதாபைத் திறக்காமலே ஓதினார். ஓதி முடியுமுன் நீங்கள் போய்விட்டீர்கள், உங்கள் சொந்த வீட்டில், உங்கள் வாய்ச் சொல்லில் திரும்பிய கட்டிலில். இன்னாலில்லாஹி சொல்லும்போது அழுதேன். ஆனால் மாமி, வெற்றி பெற்ற ஒருவரை வழியனுப்பும் அழுகைதான் அது.

உங்கள் மகன்மார் நால்வரும் அந்த வீட்டைப் பங்கு கேட்கவில்லை. உம்மாவின் வீடு இப்படியே இருக்கட்டும் என்று பெரிய மச்சானே சொன்னார். சாச்சி இன்னும் இருக்கிறார். அடுப்புக்குச் சத்தம் போடுவது இப்போது பாக்கியத்தின் வேலை.

இன்று வந்தவர் அட்டாளைச்சேனைப் பக்கத்தவர். உறவினர் வீடுகளில் முறைமுறையாக இருந்தவராம். கொண்டுவந்துவிட்டவர்கள் துணிப்பொட்டணியை வைத்துவிட்டு, "ஒரு மூலையில போட்டாப் போதும்" என்றார்கள். நான் அவர் பக்கத்தில் குந்தியிருந்து கேட்டேன்: "தலைமாடு எந்தப் பக்கம் போட?"

அவருக்கு விளங்கவில்லை. மறுபடியும் கேட்டேன். கூட வந்தவர்களைத் திரும்பிப் பார்த்தார், அவர்கள் பதில் சொல்லட்டும் என்று. நான் காத்திருந்தேன். அந்தக் காத்திருப்பு உங்களிடம் கற்றது. கொஞ்சம் கொஞ்சமாகத் தலையை நிமிர்த்திக் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். சுவரைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார்.

"கிணறு தெரியிற மாதிரிப் போடுங்க" என்றார். குரல் முதலில் கீச்சென்று வந்தது. பிறகு, வீட்டுக்காரி குரலில்: "வாளியக் கழுவாம ஆரும் தண்ணி அள்ளப்படாது."

ஹவ்வா சாச்சி கைகொட்டிச் சிரித்தார். பாக்கியம் முந்தானையை இடுப்பில் செருகினாள். நாங்கள் கட்டிலை இழுத்தோம், மாமி. தரையில் புதிதாக ஒரு கோடு விழுந்தது.